நோக்கமும் வாக்கும்

ஒரு பொருளை ஆக்கியவன் அதனை எதற்கென ஆக்கினானோ, அதற்கு மட்டுமே வாங்கியவன் பயன்படுத்துதல் வேண்டுமா? உடுப்பதற்கென நெய்யப்பட்ட சேலை, பழையதானபின் குழந்தைக்குத் தூளியாகிறது. அதற்கு நெசவாளனின் இசைவை எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டுமென்று அவனும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால், கணினியுலகில் இந்த எளிய வினா நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. ஓர் இயங்குதளத்தை, அது எந்தப் பொறிக்கென ஆக்கப்பட்டதோ அப்பொறியை விடுத்து வேறொன்றில் இயக்குவது அறமாகுமா? இது நுட்பவியலார்க்கு மட்டுமே உரிய வினா அன்று. உடைமை யாது, வாக்கு யாது என்று சிந்திப்பார் அனைவர்க்கும் உரியது.

இயங்குதளம் என்பது நினைவகம், திரை, விசைப்பலகை முதலிய உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் மென்பொருள். ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனித்தனிக் கட்டளைத் தொகுதி உண்டு. ஆதலால் ஒன்றிற்கென எழுதியது மற்றொன்றில் தானாக இயங்காது. நாற்றங்காலில் முளைத்ததைப் பிடுங்கி வேறு வயலில் நடுவது போன்று, மண்ணறிந்து, பதமறிந்து செய்ய வேண்டிய உழைப்பு அது.

அவ்வுழைப்பால் உலகம் பெற்ற நன்மை சிறிதன்று. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் பி.டி.பி.-7 என்னும் சிறு கணினியில் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினர். 1973இல் அது சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. 1977இல் ஆஸ்திரேலியாவின் வொல்லாங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் அதனை முற்றிலும் வேறான இண்டர்டேட்டா 7/32 என்னும் பொறிக்குப் பெயர்த்தார். பின்னர், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம்மிடமிருந்த 386 வகைக் கணினிக்கென லினக்ஸை எழுதத் தொடங்கினார். உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூற்றின் பட்டியலில், 2017 நவம்பரில் இடம்பெற்ற அனைத்தும் அதன் வழிவந்த இயங்குதளத்திலேயே ஓடின. தொடங்கியவர் கனவிலும் கருதாத இடங்களுக்கு அவர் படைப்பு சென்றது. அதனால் எவரும் இழப்புற்றாரில்லை; இழப்புற்றதாக அவரும் எண்ணவில்லை. ஆக்கியோன் நோக்கத்தைக் கடத்தல் என்பது மட்டுமே குற்றமாகாது என்பதற்கு இவை சான்றுகள்.

அவ்வாறாயின் எல்லாம் தகுமோ? ஆப்பிள் நிறுவனம் 2006இல் தன் கணினிகளில் இண்டெல் செயலியைப் பொருத்தத் தொடங்கியது. அதன்பின் அதன் இயங்குதளத்தைப் பிறர் ஆக்கிய கணினிகளிலும் ஓடச் செய்ய இயலும் என்பதை ஆர்வலர் கண்டனர். 2008இல் புளோரிடாவைச் சேர்ந்த சைஸ்டார் நிறுவனம் அதனையே வாணிகமாக்கியது. விலை கொடுத்து வாங்கிய இயங்குதளத்தின் படியொன்றையும் கணினியுடன் சேர்த்து விற்றதால், தன்மீது குற்றமில்லை என்று அந்நிறுவனம் வாதிட்டது. ஆப்பிள் கணினியில் மட்டுமே நிறுவலாம் என்பது உரிமத்தின் விதி என்றது ஆப்பிள். 2009இல் நீதிமன்றம் ஆப்பிளின் பக்கம் தீர்ப்பளித்தது. 2011இல் மேல்முறையீட்டிலும் பதிப்புரிமை மீறல் உறுதியாயிற்று.

இங்கு அறம் எப்பக்கம் நிற்கிறது? விலை கொடுத்தோம் என்னும் வாதம் வலிமையற்றதன்று. ஆயினும் அவ்விலை ஒரு நிபந்தனையோடு கூடிய விலை. தான் செய்த கணினியை வாங்குவோர்க்கு அளிக்கும் பொருளுக்கு ஆக்கியோன் ஒரு விலை வைக்கிறான். அதனை மாற்றிப் படியெடுத்து, அவனுக்கெதிரான கடையில் விற்பது, சேலையைத் தூளியாக்குவது போன்றதன்று. தன் வீட்டில், தன் கையால், தன் அறிவை வளர்க்க முயலும் மாணவனையும், பிறர் உழைப்பைச் சரக்காக்கும் வணிகனையும் ஒரே தட்டில் வைத்தல் முறையாகாது. சட்டம் இருவரையும் ஒரே சொல்லால் அழைக்கக்கூடும். மனச்சான்று அவ்வாறு அழைக்காது.

ஆயினும் கடமை வாங்குவோனுக்கு மட்டும் உரியதன்று. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேசன் 3 விளையாட்டுப் பொறி 2006இல் வெளிவந்தபோது, வேறோர் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளும் வசதியோடு விற்கப்பட்டது. அதனை நம்பி ஆய்வாளர் பலர் அதில் லினக்ஸை ஓட்டினர். அமெரிக்க வான்படையின் ஆய்வுக்கூடம் ஏறத்தாழ 1,760 பொறிகளை இணைத்து, 2010இன் இறுதியில் ஒரு மீகணினியையே அமைத்தது. ஆனால், அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் வந்த மென்பொருள் மாற்றம் அவ்வசதியை நீக்கிவிட்டது. பாதுகாப்பே காரணம் என்றது நிறுவனம். மாற்றத்தை ஏற்க மறுத்தவர் இணையவழி விளையாட்டை இழந்தனர். விற்றபோது தந்ததை விற்றபின் பறித்தல் தகுமோ? வாங்கியோன் உரிமத்தின் சொல்லைக் காக்க வேண்டுமென்று கேட்கும் ஆக்கியோன், தன் விளம்பரத்தின் சொல்லையும் காக்கக் கடமைப்பட்டவன் அல்லனோ?

இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நடுவழியும் உண்டு. 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் செயலியான எம்1ஐ வெளியிட்டது. அதன் உள்ளமைப்பை விளக்கும் ஆவணங்களைப் பிறர்க்கு அளிக்கவில்லை. எனினும், உரியவர் விரும்பின் வேறோர் இயங்குதளத்தைத் தொடங்கும் கதவை அடைத்துவிடவுமில்லை. அசாகி லினக்ஸ் குழுவினர் பொறியின் நடத்தையைப் பொறுமையோடு கவனித்தறிந்து, 2022 மார்ச்சில் தம் முதல் சோதனைப் பதிப்பை வெளியிட்டனர். பிறர் நிரலைக் கவராமல், தாமே கண்டறிந்து, தாமே எழுதிய அம்முயற்சியில் அறத்திற்கு மாறான கூறு யாதுமில்லை.

ஆகவே, பொறி எதற்கென ஆக்கப்பட்டது என்பது அறத்தின் அளவுகோல் ஆகாது. எவருடைய உழைப்பு எவர் கைக்குச் சென்றது, எவர் தந்த வாக்கு காக்கப்பட்டது என்பனவே அளவுகோல்கள். நோக்கம் ஆக்கியோனின் உள்ளத்தில் கிடப்பது. பொருள் கைமாறும்போது அது உடன் செல்வதில்லை. வாக்கோ இருவர்க்கும் இடையே நிற்பது. விற்றவனும் கொண்டவனும் அதற்குக் கட்டுப்பட்டவரே.