அடங்காத காலும் அடங்கிய மனமும்

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் மாலை வேளையில் நடைபெறும் காட்சி ஒன்று கிராமத்தவர் யாவருக்கும் பழக்கமானதே. சுவாமி விளக்கு ஏற்றியாயிற்று. மேசையில் கொப்பி திறந்தபடி கிடக்கின்றது. கதிரை வெறுமையாக இருக்கின்றது. பிள்ளையோ விறாந்தையின் ஒரு தொங்கலில் இருந்து மறு தொங்கலுக்கு நடக்கின்றான். தூணை ஒருமுறை சுற்றுகின்றான். வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டு மீண்டும் நடக்கின்றான். குசினிக்குள் இருந்து தாயின் குரல் எழுகின்றது. "என்ன, காலிலை சில்லுப் பூட்டியிருக்கோ? ஒரு இடத்திலை இருந்து படி." பிள்ளை வந்து அமர்கின்றான். கண் புத்தகத்தில் நிற்கின்றது. வீடு அமைதியாகின்றது, தாயும் மனநிறைவு அடைகின்றாள். ஆனால் நடந்தபோது பிள்ளையின் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு இப்போது எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

பார்வைக்கு இது மிகச் சிறிய விடயம். எனினும் இதனுள்ளே ஓர் அறவினா அடங்கியிருக்கின்றது. உடல் அசையாதிருந்தால் மனம் ஒடுங்கியிருக்கின்றது என்று கொள்ளலாமா? உடல் அசைந்தால் மனம் சிதறியிருக்கின்றது என்று தீர்ப்புச் சொல்லலாமா? அவ்வாறு தீர்ப்புச் சொல்லி ஒரு பிள்ளையை அடக்கும் உரிமை பெரியவர்களுக்கு எந்த அளவுக்கு உண்டு? பெற்றோரும் ஆசிரியர்களும் ஆலயத் தொண்டர்களும் அமைதியாக இருந்து சிந்திக்க வேண்டிய வினாக்கள் இவை.

அடக்கத்தை உயர்ந்த பண்பாகப் போற்றுவது தமிழ்ச் சமூகத்தின் நெடுங்கால மரபு. அதிலே குறை காண்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த மரபு அடக்கம் என்று சொன்னது பெரும்பாலும் நாவின் அடக்கத்தையும், கோபத்தின் அடக்கத்தையும், ஐம்புலன்களின் அடக்கத்தையுமே ஆகும். சிந்தனையில் மூழ்கிய பத்து வயதுப் பிள்ளையின் முழங்கால் அசையக்கூடாது என்பது அதன் கருத்தாக இருக்க முடியாது. காலப்போக்கில் உள்ளே இருக்க வேண்டிய அடக்கத்தை விட்டு, வெளியே தெரியும் அசைவின்மையையே அடக்கம் என்று கொள்ளும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஒரு கோவையைத் திறந்து பாராமல் மேலட்டையை மட்டும் பார்த்து முடிவு எழுதுகின்ற உத்தியோகத்தரின் செயலைப் போன்றது இது. முடிவு சில வேளைகளில் சரியாகவும் அமையலாம். ஆயினும் அது நீதியான முறை ஆகாது.

நடை சிந்தனைக்குப் பகையன்று என்பதற்கு உலக வரலாற்றில் சான்றுகள் பல உள. கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் கி.மு. 335 அளவில் அரிஸ்ரோட்டில் தொடங்கிய கல்விக்கூடத்தைச் சேர்ந்தவர்களுக்கு நடையோடு தொடர்புடைய ஒரு பெயரே வழங்கி வந்தது. அவர் மாணவர்களுடன் நடந்தவாறே கற்பித்ததனால் அப்பெயர் வந்தது என்பது பழைய வழக்கு. அக்கல்விக்கூடத்தில் இருந்த நடைபாதைகளால் வந்தது என்று கூறுவாரும் உளர். இங்கிலாந்தில் அக்காலத்தில் கென்ற் பகுதியைச் சேர்ந்திருந்த டவுண் என்ற கிராமத்தில் 1842 முதல் 1882 வரை வாழ்ந்த விஞ்ஞானி சார்ள்ஸ் டார்வின், தம்முடைய வளவின் ஓரத்தில் மணற்பாதை ஒன்றை அமைத்து நாள்தோறும் அதிலே சுற்றிச் சுற்றி நடந்தார். சுற்றுக்களின் எண்ணிக்கை தவறிவிடாதிருக்கப் பாதையோரத்தில் சில கற்களைக் குவித்து வைத்து, ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கல்லைத் தள்ளிவிடுவது அவரது வழக்கம். எண்ணிக்கையைக்கூட மனத்தில் வைத்திருக்க விரும்பாத அளவுக்கு அவரது மனம் வேறொன்றிலே ஆழ்ந்திருந்தது என்பதே இதன் பொருள்.

இலங்கைத் தீவிலும் இதற்குச் சான்று உண்டு. குருநாகல் மாவட்டத்தில் அரங்கலே என்னும் இடத்திலுள்ள பழைய பௌத்த வனமடத்தில், துறவிகள் நடந்தவாறே தியானம் செய்வதற்கென அமைக்கப்பட்ட கற்பாதையை இன்றும் காணலாம். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் (1872-1964) குடாநாட்டின் தெருக்களிலே நெடுந்தூரம் நடந்து திரிந்தவர். செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்காகப் பாதயாத்திரை செல்லும் அடியார்களைப் பார்த்து, "இவர்கள் ஓரிடத்தில் இருந்து கும்பிடாதவர்கள்" என்று எவரும் குறை சொல்வதில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளில் முதலாவதாகிய சரியை என்ற சொல்லே, நடத்தல், இயங்குதல் என்னும் பொருளுடைய வடமொழி அடியில் இருந்து பிறந்ததாகும். ஞானத்துக்குச் செல்லும் படிகளில் முதற்படி இயக்கத்தின் பெயரால் அமைந்திருப்பது கருதத்தக்கது.

இக்கால ஆய்வுகளும் இவ்விடயத்தில் சிலவற்றைத் தெளிவுபடுத்தியுள்ளன. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 176 பேர் பங்குபற்றினர். இருந்து சிந்தித்தபோது தோன்றிய புதிய கருத்துக்களை விட நடந்து சிந்தித்தபோது தோன்றியவை சராசரியாக 60 வீதம் அளவுக்கு அதிகமாயிருந்தன. வெறும் சுவரைப் பார்த்தபடி அறைக்குள்ளே நடை இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் இப்பயன் கிடைத்தது. எனவே பயன் வெளிக்காட்சியால் மட்டும் வந்ததன்று, நடையாலும் வந்தது எனலாம். ஆனால் ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய வினாக்களில் நடை அவ்வாறு கைகொடுக்கவில்லை. 2015இல் மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்தினர் 8 முதல் 12 வயது வரையான 52 சிறுவர்களை வைத்துச் செய்த ஆய்வு இன்னொரு பாடத்தைத் தருகின்றது. கவனக்குறைவும் மிகையான துடிதுடிப்பும் உள்ள சிறுவர்கள், கூடுதலாக அசைந்தபோது நினைவாற்றல் தேவைப்படும் வேலையை நன்றாகச் செய்தனர். அக்குறைபாடு இல்லாத சிறுவர்களோ கூடுதலாக அசைந்தபோது சற்றுக் குறைவாகவே செய்தனர். ஒருவனுக்கு உதவும் அசைவு இன்னொருவனுக்கு இடையூறாகலாம். ஆகவே எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கட்டளையால் ஆள முற்படுவதே தவறு என்பது தெளிவாகின்றது.

இனி, அறத்தின் பக்கம் நின்று நோக்குவோர் காண வேண்டிய பெருந்தீங்கு ஒன்று உண்டு. நடந்து சிந்திக்கும் பிள்ளையைத் திரும்பத் திரும்ப அதட்டி இருத்தும்போது, அவன் சிந்திக்கக் கற்றுக்கொள்வதில்லை. சிந்திப்பது போலக் காட்டவே கற்றுக்கொள்கின்றான். கண் புத்தகத்தில் இருக்க வேண்டும், கை பேனையைப் பிடித்திருக்க வேண்டும், மனம் எங்கே போனாலும் அதனை எவரும் கேட்கப் போவதில்லை என்ற உண்மையை அவன் மிக விரைவில் விளங்கிக்கொள்கின்றான். உடலால் பொய் சொல்லும் பழக்கம் அங்கேதான் தொடங்குகின்றது. வாயால் பொய் சொன்னால் தண்டிக்கின்ற பெற்றோர், உடலால் பொய் சொல்லத் தாமே பழக்குகின்றார்கள் என்பது வேதனைக்குரியது. இப்பழக்கம் வளர்ந்தவர்களிடமும் இல்லாமல் இல்லை. பூசை வேளையிலே கண்ணை மூடிக் கைகூப்பி அசையாமல் நின்றபடி, வங்கிக் கடனையும் காணி வழக்கையும் எண்ணிக்கொண்டிருப்பவர் எத்தனை பேர் என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. ஆண்பிள்ளை நடந்தால் "குழப்படிகாரன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெண்பிள்ளை நடந்தால் "அடக்க ஒடுக்கம் இல்லாதவள்" என்று அவளது குணத்திலேயே குறை காணப்படும். இருவர் செய்வதும் ஒரே செயல்தான். ஒரே செயலுக்கு இரண்டு தீர்ப்பு வழங்குவது நீதியாகாது.

இதற்கு மறுப்புக் கூறுவோரின் கருத்துக்களும் கவனிக்கத்தக்கவையே. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவன் எழுந்து நடந்தால் மற்றவர்களின் கவனம் கெடும் என்பர். இது உண்மை. தன் வசதிக்காகப் பிறருடைய கவனத்தைக் கெடுக்கக்கூடாது என்பதைப் பிள்ளை கட்டாயம் கற்க வேண்டும். ஆனால் அதனைப் பிறர்மீது கொள்ளும் மரியாதையாகச் சொல்லிக்கொடுப்பது வேறு, அவனிடமுள்ள குற்றமாகச் சொல்லிக்காட்டுவது வேறு. "தம்பி, மற்றப் பிள்ளையள் படிக்கினம், முத்தத்திலை போய் நட" என்று சொன்னால் அவன் பண்பைக் கற்கின்றான். "உன்னாலை ஒரு இடத்திலை இருக்கவே ஏலாது" என்று சொன்னால் தன்மீதே வெறுப்பைக் கற்கின்றான்.

பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் இருந்துதானே எழுத வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அதுவும் நியாயமானதே. நடந்து பாடமாக்கியதை இருந்து எழுதிப் பார்க்கும் பழக்கத்தைச் சிறிது சிறிதாக ஏற்படுத்துவதே அதற்கு வழி. நடையைத் தடுப்பதனால் அப்பழக்கம் தானாக வந்துவிடாது.

இப்படி இடங்கொடுத்தால் ஒவ்வொரு குழப்படியும் "சிந்தனை" என்று பெயர் சூட்டிக்கொள்ளுமே என்று சிலர் அஞ்சுவர். அதனைக் கண்டறிவது கடினமன்று. நடந்து வந்த பிள்ளையை அருகில் அழைத்து, "என்ன யோசிச்சனி ராசா?" என்று அன்போடு கேட்டு, அவன் சொல்வதை முடிவு வரை கேட்டாற் போதும். "இருந்தால் மறந்துபோகுது அம்மம்மா, நடந்தால் ஞாபகம் வருகுது" என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். இன்னொரு பிள்ளை, கணக்கு விளங்காமையால் எழுந்து போனதாகச் சொல்லக்கூடும். வேறொரு பிள்ளை, வீட்டிலே நடந்த சண்டையை நினைத்து மனம் பதறி நடந்ததாகவும் சொல்லக்கூடும். மூன்றும் வெளியே ஒரே நடைதான். உள்ளே ஒன்று சிந்தனை, ஒன்று தடுமாற்றம், ஒன்று துயரம். கேட்டால் அன்றி இவற்றை வேறுபடுத்தி அறிய வழியில்லை. கேளாமல் அதட்டுபவர் மூன்று பிள்ளைகளையும் ஒருசேரத் தவறவிடுகின்றார்.

வீடு, பாடசாலை, விளையாட்டு என எல்லா இடங்களிலும் அமைதியின்மை தொடர்ந்து காணப்பட்டு, உறக்கமும் கல்வியும் நட்பும் அதனால் பாதிக்கப்படுமாயின், அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியரிடம் காட்டி ஆலோசனை பெறுவது பெற்றோரின் கடமை. அதிலே வெட்கப்பட எதுவுமில்லை. அதேவேளை, நடந்து சிந்திக்கும் பிள்ளை என்பதற்காக மட்டும் அவனுக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டுவதும் பாவமே.

அடித்து இருத்துவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை, பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு உடல் ரீதியான தண்டனை வழங்கலாகாது என்று தெளிவாகக் கூறியது. ஆனால் சுற்றறிக்கை வீட்டு வாசலுக்குள் வருவதில்லை. அங்கே பெற்றோரின் மனச்சாட்சியே சுற்றறிக்கை. பிரம்புக்கு அஞ்சி இருக்கும் பிள்ளையின் மனம் பாடத்தில் நிற்பதில்லை, பிரம்பிலேயே நிற்கின்றது.

செய்யக்கூடியவை எளியவையே. வீடு சிறிதாயினும் முற்றமும் வேலியோரமும் கிணற்றடிப் பாதையும் உண்டு. வாய்ப்பாட்டையும் தேவாரத்தையும் அங்கே நடந்து பாடமாக்க விடலாம். ஆலயங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறும் அறநெறி வகுப்புக்களை, பிள்ளைகள் அன்று படிக்கும் பதிகத்தை ஓதியவாறு ஒருமுறை வெளிவீதி வலம் வந்த பின்னர் தொடங்கலாம். கால் ஆறிய பின் மனம் இருக்க இணங்கும். இதற்குப் பணச்செலவு இல்லை. ஒரு கால்மணி நேரமும் சிறிது பொறுமையும் போதும்.

ஆலயத்திலேயே இதற்குரிய விளக்கம் கண்முன்னே இருக்கின்றது. மூலஸ்தானத்தில் எழுந்தருளியிருக்கும் மூலமூர்த்தி இடம்விட்டு அசைவதில்லை. எழுந்தருளி மூர்த்தியோ திருவிழாக் காலங்களில் வீதிவலம் வருகின்றார், தேரில் ஆடி அசைந்து வருகின்றார். நின்ற மூர்த்தி உயர்ந்தவர், நடந்த மூர்த்தி அடக்கமற்றவர் என்று எந்த அடியாரும் சொல்வதில்லை. இரண்டும் ஒரே பரம்பொருளின் திருக்கோலங்கள் என்றே கைகூப்புகின்றனர். இறைவனிடத்தில் இவ்வாறு விளங்கிக்கொள்ளும் உள்ளங்கள், வீட்டு விறாந்தையில் நடக்கும் குழந்தையிடத்தும் அதே விளக்கத்தைக் காட்டுமாயின், அக்குழந்தை பொய்யின்றிச் சிந்திக்கவும், அச்சமின்றி வளரவும், உரிய காலத்தில் தானாகவே அமர்ந்திருக்கவும் கற்றுக்கொள்ளும். எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.

சுபம்