கத்தியை நிறுத்திவைப்பதன் அறம்

கடுமையான கணைய அழற்சியில் கணையத்தின் ஒரு பகுதியும் சுற்றியுள்ள கொழுப்பும் செத்துப்போவதுண்டு. அந்தச் செத்த திசுவில் கிருமி புகுந்துவிட்டால் உயிர் ஊசலாடத் தொடங்கும். அழுகியதை உடனே திறந்து அகற்றுவதே கடமை என்று அறுவை மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். இன்றோ, நோயாளி தாங்குவாரானால் ஏறக்குறைய நான்கு வாரம் பொறுக்கச் சொல்கிறது மருத்துவம். ஆபத்து கண்ணெதிரே இருக்கக் கையைக் கட்டிக்கொண்டிருப்பது அறமாகுமா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

பொறுப்பதற்குக் காரணம் உடலிலேயே இருக்கிறது. முதல் நாட்களில் செத்த திசுவுக்கும் உயிருள்ள திசுவுக்கும் எல்லை தெரியாது. எதை வெட்டினாலும் குருதி பெருகும். வாரங்கள் கழியக் கழிய அழுகல் இளகி, அதைச் சுற்றி ஒரு சுவர் எழும்புகிறது. அதன்பின் கை வைத்தால் சேதம் குறைவு. மெக்சிகோவில் நடந்து 1997இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று நாட்களுக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 56 சதவீதத்தினரும், பன்னிரண்டு நாட்களாவது பொறுத்துச் செய்யப்பட்டவர்களில் 27 சதவீதத்தினரும் இறந்தனர். நோயாளிகள் சிலரே என்பதால் அந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. ஆனாலும் ஆய்வைத் தொடர மருத்துவர்களுக்கு மனம் வரவில்லை.

2010இல் வெளியான ஓர் ஆய்வில் நெதர்லாந்து மருத்துவர்கள் 88 நோயாளிகளிடம் இரண்டு வழிகளை ஒப்பிட்டனர். வயிற்றைத் திறந்து அழுகலை அகற்றுவது ஒன்று. முதலில் வடிகுழாய் வைத்துச் சீழை வெளியேற்றி, தேவைப்பட்டால் மட்டும் சிறு துளை வழியே அகற்றுவது மற்றது. பெருஞ்சிக்கலோ மரணமோ நேர்ந்தவர்கள் முன்னதில் 69 சதவீதம், பின்னதில் 40 சதவீதம். படிப்படியாகச் சென்றவர்களில் 35 சதவீதத்தினருக்கு வடிகுழாயே போதுமாயிருந்தது. மரணத்தை மட்டும் தனியே பார்த்தால் இரு வழிகளுக்கும் பெரிய வேறுபாடில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. 2021இல் அந்நாட்டின் இன்னொரு ஆய்வு வடிகுழாயையே தள்ளிப்போட்டுப் பார்த்தது. தள்ளிப்போட்டவர்களில் 39 சதவீதத்தினர் ஆன்டிபயாடிக் மருந்திலேயே தேறினர். அவசரமாகக் குழாய் வைத்ததால் சிக்கல்கள் குறையவும் இல்லை.

செயலின்மைக்குள்ளும் செயல் உண்டு என்று கீதையின் நான்காம் அத்தியாயம் பேசுகிறது. இந்த நோயில் அது வெறும் தத்துவமாக நிற்பதில்லை. பொறுக்கும் மருத்துவர் மருந்து தருகிறார், குடல்வழி உணவு ஊட்டுகிறார், ஸ்கேன் எடுக்கிறார், சிறுநீரையும் மூச்சையும் மணிக்கொருமுறை கவனிக்கிறார். இவை இல்லாத பொறுமைக்குக் கைவிடுதல் என்றுதான் பெயர். அதேபோல், குடல் ஓட்டையானாலோ, வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி உறுப்புகள் செயலிழந்தாலோ, நான்கு வாரக் கணக்கைக் காட்டித் தள்ளிப்போடுவது தவறு. காலக்கணக்கு நோயாளிக்காக ஏற்பட்டது.

காத்திருத்தலின் பாரம் மருத்துவர் மேல் மட்டும் விழுவதில்லை. காய்ச்சல் தணியாத வாரங்களில், "ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை?" என்று குடும்பம் கேட்கும். அந்தக் கேள்விக்கு முழு விடை பெறுவது அவர்களின் உரிமை: எதற்காகப் பொறுக்கிறோம், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே குழாயோ கத்தியோ எடுப்போம், பொறுத்தும் உயிர் போகக்கூடும் என்ற மூன்றையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.