கோஷ்டி என்னும் சொல்

மக்கள் பலர் கூடி நிற்பதைக் குறிக்க நம் மொழியில் சொற்கள் பல உள. கற்றோர் கூடினால் அவை. போர்வீரர் திரண்டால் படை. கள்வர் சேர்ந்தால் கும்பல். சான்றோர் குழாம் என்போமேயன்றிச் சான்றோர் கும்பல் என்று எவரும் சொல்லார். ஆகவே இச்சொற்கள் கூடியவர்களின் தொகையை மட்டுமன்றி அவர்களின் தன்மையையும் உணர்த்துகின்றன.

இவற்றுள் 'கோஷ்டி' என்பது இரண்டு முகங்கள் கொண்ட சொல். திருவீதிப் புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னே திவ்யப்பிரபந்த கோஷ்டி செல்கிறது. பின்னே வேதபாராயண கோஷ்டி வருகிறது. கண்டவர் கைகூப்புகின்றனர். அதே சொல்லை நாளிதழில் 'கோஷ்டிப் பூசல்' என்று படிக்கும்போதோ நெஞ்சம் கூசுகிறது. ஒரே சொல் ஏன் இப்படி ஏறியும் இறங்கியும் வழங்குகிறது? கூடி நிற்போரை அடியார் திருக்கூட்டமாக்குவது எது, கட்சியாக்குவது எது?

வடமொழியில் 'கோஷ்டம்' என்பது பசுக்கள் நிற்கும் தொழுவம். அதன் அடியாகப் பிறந்ததே 'கோஷ்டீ' என்னும் சொல். கறப்பதும் வற்றியதும், கன்றும் கிழமும் ஒரே தொழுவத்தில் இடம் பெறுகின்றன. ஆயர்பாடியில் வளர்ந்த கண்ணனைத் தொழுவோர்க்கு இப்பொருள் இனிக்காமற் போகுமோ?

திருப்பாவையில் 6ஆம் பாசுரம் முதல் 15ஆம் பாசுரம் வரை ஆண்டாள் பத்துப் பெண்களை எழுப்புகிறாள். நோன்புக்குப் புறப்பட்டவர்கள் 'பொழுதாயிற்று' என்று தாமே போயிருக்கலாம். போகவில்லை. 'நானே வந்து உங்களை எழுப்புவேன்' என்று வாய்ப்பேச்சுப் பேசிவிட்டு உறங்கிப்போனவள் வாசலிலும் நின்று அழைக்கிறார்கள். அவளைச் சினந்து கொள்ளலாம். விட்டுச் செல்லுதல் ஆகாது.

பெரியாழ்வாரும் திருப்பல்லாண்டில் இதனையே செய்கிறார். பெருமானையே வேண்டுவோர், ஆன்ம அனுபவமாகிய கைவல்யத்தை வேண்டுவோர், செல்வத்தை வேண்டுவோர் ஆகிய மூவகையாரையும் அவர் அழைக்கிறார் என்பது வியாக்கியானம் அருளிய பெரியோர் கருத்து. பொருளாசை உடையவனை 'நீ தகுதியற்றவன்' என்று அவர் தள்ளவில்லை. உடன் பாட அழைத்தார். திருக்கோட்டியூரில் இராமானுசர் திருமந்திரப் பொருளை ஊரறிய உரைத்ததாகக் கூறும் குருபரம்பரை வரலாறும் இவ்வழியினதே.

ஆயின் ஒழுங்கு வேண்டாவோ, வரம்பில்லாக் கூட்டம் கும்பலாகிவிடாதோ என்று கேட்கலாம். நியாயமான வினாவே. கோஷ்டிக்கு வரிசை உண்டு, தொடங்குவோர் உண்டு, சாற்றுமுறை உண்டு. ஆனால் வரிசை ஏற்பட்டது ஒவ்வொருவருக்கும் ஓரிடம் கிடைப்பதற்காக. 'என் இடம் உனக்கில்லை' என்று சொல்வதற்கு அதனைக் கருவியாக்கும்போது, பெருமாளின் திருமுன்பே கோஷ்டி கட்சியாகிவிடுகிறது. முதலில் நிற்பவர் யார், எந்த வாழித்திருநாமம் சொல்வது என்று நம்மவர் வழக்காடி நீதிமன்றம் ஏறிய வரலாற்றை நாம் மறைப்பதற்கில்லை. நாளிதழ் தந்த இழிபொருளுக்கு நாமும் பங்காளிகளே.

பிரபந்த கோஷ்டியைச் சற்றே செவிமடுத்துக் கேளுங்கள். ஒருவர் மூச்சு வாங்க நிறுத்தும்போது அருகில் நிற்பவர் குரல் பாசுரத்தைத் தாங்குகிறது. அவர் களைத்தால் வேறொருவர். எவரும் தனியே முழுதும் தாங்குவதில்லை. ஆயினும் பாசுரம் அறுபடுவதில்லை. ஒருவர் குறையை மற்றவர் நிறைத்தலே கோஷ்டியின் உயிர்.

திருவிழாக் காண வந்துள்ள அன்பர்களே! இன்று தேர்வடம் பிடிக்கையிலும், தீர்த்தப் பிரசாதத்திற்கு நிற்கையிலும் நம் தோளோடு தோள் உரசுபவர் எவரோ நாம் அறியோம். அவருக்கு ஓரடி இடம் விட்டு நின்றால் நாம் கோஷ்டி. முழங்கையால் இடித்து முந்தினால் வெறுங்கும்பல். அச்சொல்லின் பெருமையைக் காப்பது அகராதியன்று. அந்த ஓரடி இடமே.