மறக்கப்படும் அன்பின் பயன்

நினைவு குலைந்த முதியோரை ‘அறளை பெயர்ந்தவர்’ என்பது யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கு. இத்தொடரைச் சொல்லும் தொனியிலே இரக்கத்தோடு ஏளனமும் கலந்திருப்பதுண்டு. பெற்ற மகளையே ‘நீ ஆர் பிள்ளை?’ என்று கேட்கும் தாயொருத்தியை எண்ணிப் பார்ப்போம். மகள் ஒரு பிற்பகல் முழுவதும் அருகிருந்து, தலை வாரிவிட்டு, பழங்கதை பேசித் திரும்புகிறாள். அவள் படலையைத் தாண்டுமுன்னரே தாய் அவள் வந்ததை மறந்துவிடுகிறாள். அங்ஙனமாயின் அப்பிற்பகலால் விளைந்த பயன் யாது?

2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர் என உலகச் சுகாதாரத் தாபனம் கணித்துள்ளது. ஆகவே இவ்வினா ஒரு மகளின் மனத்துயர் மாத்திரமன்று. ஒழுக்கவியல் விடை கூற வேண்டிய பொதுவினாவுமாகும்.

பயனில்லை என்பார்க்குத் தத்துவத்திலே ஆதாரம் இல்லாமலில்லை. ஒருவரின் நனவு கடந்த காலத்தில் எவ்வளவு தூரம் செல்கிறதோ, அவ்வளவு தூரமே அவர் அதே ஆளாவார் என்பது ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் 1694இல் முன்வைத்த கொள்கை. இதன்படி, பிற்பகலில் மகிழ்ந்த தாயையும் மாலையில் இருக்கும் தாயையும் இணைக்கும் கயிறு அறுந்துவிட்டது. தமிழ் அறமரபும் ஒருவகையில் நினைவையே நம்பி நிற்கிறது. செய்ந்நன்றியறிதலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், உதவியை நினைவிற்கொள்ளும் கடமையைப் பெற்றவர்மீதே வைத்தார். அக்கடமையை ஆற்றும் வலிமையே இல்லாதவரிடத்து உதவியின் கதி யாதாகும்?

இவ்விடத்தில் அண்மைக்கால ஆய்வொன்று கருதத்தக்கது. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்விலே, அல்சைமர் நோயுற்ற 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளும் மகிழ்ச்சியான படக்காட்சிகளும் காட்டப்பட்டன. சில நிமிடங்களின் பின்னர் வினவியபோது, கண்டவற்றுட் பெரும்பாலானவற்றை அவர்கள் மறந்திருந்தனர். எனினும் காட்சி எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் அரைமணி நேரம் வரை நீடித்தன. காரணம் மறைந்த பின்னும் உணர்வு எஞ்சியிருந்தது. பராமரிப்பவரின் கடுஞ்சொல் மறக்கப்படலாம்; அது விளைத்த கலக்கமோ உடன் மறைவதில்லை.

ஆயினும் இவ்வாய்வின்மீது மாத்திரம் அறத்தைக் கட்டியெழுப்புதல் பொருந்தாது. ஆராயப்பட்டோர் சிலரே, அறியப்பட்ட கால அளவும் சிறிதே. அரைமணி கழிந்து உணர்வும் அற்றுப்போனால் பயனும் அற்றதென்பதா? இதனை மறுதலையாக நோக்கின் விடை துலங்கும். மறதிநோயுற்றவரை ஒருவன் அடித்தால், ‘அவர் எப்படியும் மறந்துவிடுவார், ஆதலால் தீங்கில்லை’ என்று எவரும் வாதிடார். வலி நிகழும் கணத்திலேயே அது தீங்காகிறது. பின்னர் நினைக்கப்படுவதால் அன்று. தீமைக்கு இது பொருந்துமாயின் நன்மைக்கும் பொருந்துதல் வேண்டும். தலைவாரிய கையின் இதமும் அந்தக் கணத்திலேயே நன்மையாகிவிட்டது.

நோயுற்றோரின் நலவாழ்வு பற்றிய ஆய்வுகள் இக்கணத்தையே அளவுகோலாக்கியுள்ளன. இங்கிலாந்தின் பிராட்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொம் கிற்வூட், ஆளாந்தன்மை என்பது மூளைக்குள் மட்டும் உறைவதன்று, பிறர் உறவினாலும் மதிப்பினாலும் ஒருவருக்கு அளிக்கப்படுவது என 1997இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். நோயாளியைக் குழந்தைபோல் நடத்துதல், அவர் முன்னிலையிலேயே அவரில்லாததுபோற் பேசுதல், அவரால் இயலாத வேகத்தில் அவசரப்படுத்துதல் என்பன தீய எண்ணமின்றியே அவரை ஆளல்லாதவராக்குகின்றன என்றார். அவரது குழுவினர் வகுத்த முறையிலே, அவதானிப்பாளர் பொதுமண்டபத்தில் அமர்ந்து, ஒவ்வொருவரது செயலையும் மனநிலையையும் ஐந்து நிமிடத்துக்கொரு முறை குறித்துக்கொள்வார். இவ்வழிவந்த பயிற்சியையும், வாரத்தில் ஒரு மணி நேரமேனும் உறவாடுதலையும் இணைத்து 69 பராமரிப்பு இல்லங்களில் நடத்தப்பட்ட ஆங்கில ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. அங்கு முதியோரின் வாழ்க்கைத்தரம் உயர்ந்தது, மனக்கிளர்ச்சி தணிந்தது. பயன் பெரிதன்றாயினும் மெய்யானது.

இம்முடிவிலே ஓர் ஆபத்தும் உண்டு. ‘ஒவ்வொரு கணமும் பெறுமதியுடையது’ என்ற சொல்லைக் கொண்டே, கணங்களின் முழுச்சுமையையும் வீட்டிலுள்ள ஒரு பெண்ணின் தோளில் ஏற்றிவிடலாம். தாயின் கணத்துக்குப் பெறுமதி உண்டெனின் மகளின் கணத்துக்கும் உண்டு. ஆகவே பராமரிப்புக்கு வேண்டிய நேரத்தையும் ஓய்வையும் பயிற்சியையும் வழங்குதல் சமூகத்தின் கடன். அது மகளுக்குச் செய்யும் சலுகையன்று.

செய்ந்நன்றியை நினைவிற்கொள்ளும் கடமை பெற்றவரால் ஆற்றப்பட இயலாதபோது அக்கடமை அழிந்துவிடுவதில்லை. சூழ இருப்போர்மேற் செல்கின்றது. தாயை வளர்த்தவளாகவும் உழைத்தவளாகவும் நினைவிற்கொள்ள வேண்டியவர்கள் இனி அவர்களே. மகளின் பிற்பகலோ எவரது நினைவையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. அது நிகழ்ந்தபொழுதே நிறைவுற்றுவிட்டது.