கடனா, கொடையா?

பெற்றோர் பிள்ளைக்குச் செலவிடும் பொருள் கடனா, கொடையா? இவ்வினாவுக்கு விடை காணாமலேயே பல குடும்பங்கள் வாழ்கின்றன. பிள்ளையின் திருமணப் பேச்சு எழும்போதுதான் அது வெளிப்படுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி உழைத்த தந்தை, 55 வயதில் எடுத்த சேமநிதிப் பணத்தை மகனின் மேற்படிப்புக்குச் செலவிட்டார். வேலையில் அமர்ந்த மகன், தான் விரும்பிய பெண்ணை மணக்க இசைவு கேட்கின்றான். “உனக்காக எவ்வளவு செலவழித்தேன் தெரியுமா?” என்கின்றார் தந்தை. அவ்வினாவில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. ஆயினும், சொல் கடன் கொடுத்தவரின் சொல்லாக இருக்கின்றது.

கடன் அளவுடையது, ஆதலின் ஒருநாள் அடைபடும். அடைபட்டபின் கொடுத்தவரும் பெற்றவரும் அயலார். மகன் முழுத்தொகையையும் வட்டியோடு வைத்து, “கணக்குத் தீர்ந்தது” என்று கூறி வெளியேறினால், எந்தத் தந்தை மகிழ்வார்? அவர் வேண்டுவது பணத்தை அன்று, மறவாமையையே.

அங்ஙனமாயின் பிள்ளைக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 60 வயது நிறைந்து, தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடம் உதவித்தொகை கோரித் தீர்ப்பாயத்தை நாடலாம். பிள்ளையைக் கைவிட்ட பெற்றோரின் கோரிக்கையைத் தீர்ப்பாயம் மறுக்கவும் இடமுண்டு. இச்சட்டம் உணவு, உடை, உறையுள் முதலிய தேவைகளையே கருதுகின்றது. வளர்ப்புச் செலவைத் திருப்பி வாங்கித் தரும் சட்டமன்று. வள்ளுவரும் மக்கட்பேறு என்னும் ஒரே அதிகாரத்துள் தந்தையின் கடமையையும் மகனின் கடமையையும் உரைக்கின்றார்; ஒன்றை மற்றொன்றுக்கு விலையாக்கவில்லை.

எனவே, முதுமையில் பெற்றோரைத் தாங்குதல் நன்றியின் கடமை. வாழ்க்கைத் துணையைத் தேரும் உரிமையை அடகு வைத்தல் அதன் கடமையன்று. பெண்ணின் குணத்தில் ஐயம் இருப்பின் தந்தை அதனை வெளிப்படையாக உரைக்கலாம். மகன் செவிமடுத்தல் வேண்டும். செலவுக் கணக்கு அங்கே சான்றாகாது.

மகனுக்கும் ஒரு சோதனை உண்டு. தந்தை இசைந்தால் மட்டும் உதவுவேன் என்பானாயின், அவனும் வணிகனே. இசைவு கிடைக்காத நிலையிலும் திங்கள்தோறும் தவறாது பெற்றோரைப் பேணுபவனே, தான் பெற்றது கொடை என்பதை உணர்ந்தவன்.