ஜில் ஜில் கேட்டது

"அவரப் பாத்து அந்தம்மா கேட்டாங்க. அந்தம்மாவப் பாத்து யாரு தம்பி கேட்டாங்க?"

பக்கத்து வீட்டு அக்கா இப்படிச் சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க எழுந்து போய்விட்டார். சொல்லி மாதங்கள் ஆகின்றன. அவர் அன்றைக்கே மறந்திருப்பார். என்னால்தான் முடியவில்லை. பாகாயத்தில் பஸ் ஏறிக் காட்பாடி போய்ச் சேரும் வரைக்கும் சில நாள் அந்த ஒரு வாக்கியம் கூடவே வருகிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. டிவியில் 'தில்லானா மோகனாம்பாள்' ஓடிக்கொண்டிருந்தது. அக்கா, ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துத் தைத்து ஓய்ந்தவர். இதற்கு மேல் பின்னணி ஒன்றும் இல்லை.

படத்தில் நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டுச் சொக்கிப்போன நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணி, அவரிடம் ஒரு சந்தேகம் கேட்பாள். இந்த ஓசை உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் இப்படித்தானா என்று. 1968-இல் படம் வந்த நாளிலிருந்து தமிழர்கள் அதற்குச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றும் வீட்டிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் தன் கேள்வியைப் போட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்தேன். ஜில் ஜில்லாக நடித்த மனோரமா அதைக் கேட்கும் விதம் எனக்கு வியப்பாக இருக்கிறது. இழுத்து இழுத்துப் பேசும் அந்தக் குரலில் நையாண்டி இல்லை. சிரிக்க வைக்கப்போகிறேன் என்ற முன்னறிவிப்பு முகத்தில் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒருத்தி கேட்கிற மாதிரி கேட்கிறார். யோசித்துப் பார்த்தால் அது அசட்டுக் கேள்வியும் இல்லை. ஒரு கலைஞரைப் பார்த்து இன்னொரு கலைஞர் கேட்கக்கூடிய முதல் கேள்வி அதுதான்: இது கருவியில் இருக்கிறதா, உங்களிடம் இருக்கிறதா? சண்முகசுந்தரம் பெரிய வித்வான். ஜில் ஜில், ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடுகிறவள். ஆனாலும் அவளும் மேடைக்காரிதான். அந்த உரிமையில்தான் கேட்கிறாள்.

அந்தப் படத்தில் நாம் கேட்கும் நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சண்முகசுந்தரமாக நடித்த சிவாஜி கணேசன் கன்னத்தை உப்பவைத்து, கண்ணைச் செருகி, விரலை ஓட்டி, அந்த மூச்சுக்கு ஒரு உடம்பு கொடுத்தார். ஆக ஜில் ஜில்லின் கேள்விக்கு நேர்மையான பதில், "ஓசை என்னுடையது இல்லையம்மா, திரைக்குப் பின்னால் இருவர் இருக்கிறார்கள்" என்பதுதான். இது சிவாஜிக்குக் குறைவு இல்லை. ஒரு பெரிய விஷயம் நம் காதில் விழும்போது அதில் எத்தனை பேர் மூச்சு கலந்திருக்கிறது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. ஜில் ஜில்லுக்குத் தோன்றியது.

அந்தப் படத்தின் கதையை நான் முதலில் புத்தகமாகத்தான் பார்த்தேன். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர். குடியாத்தத்தில் பெரியம்மா வீட்டுப் பரணில், வாரம் வாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணிய தொகுப்பு இருந்தது. கோபுலுவின் படங்கள். முன்னே சில பக்கம் இல்லை, பின்னே நிறையப் பக்கம் இல்லை, நடுவில் பூச்சி அரித்திருந்தது. கதை பாதிதான் நினைவிருக்கிறது. சினிமா பார்ப்பதற்கு முன்பே நான் அதைப் படித்துவிட்டேன் என்று பெரியம்மா சொல்வார். அப்படியானால் அப்போது என் மனதில் ஜில் ஜில்லுக்கு ஏதோ ஒரு முகம் இருந்திருக்க வேண்டும். எவ்வளவு முயன்றாலும் அது வரவில்லை. சண்முகசுந்தரத்துக்கும் நாயகி மோகனாவுக்கும் கோபுலுவின் கோடுகள் மங்கலாகவாவது வருகின்றன. ஜில் ஜில் என்றால் மனோரமா ஒருவர்தான் வருகிறார். படித்தவன் மனதிலிருந்த முகத்தைத் துடைத்துவிட்டுத் தன் முகத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பரணிலிருந்து நினைவு தாத்தா ஊருக்குப் போகிறது. அணைக்கட்டுப் பக்கம். திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடக்கும், இரவானால் கூத்து. ஆண்கள்தான் திரௌபதி வேஷமும் கட்டுவார்கள். துரியோதனன் வருவதற்கு முன் இருவர் திரையைப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் கால் சலங்கை கேட்கும். வெளியே நிற்கும் கட்டியங்காரன், வருவது யார், எந்த நாட்டு ராஜா, பேர் என்ன என்று விசாரிப்பான். அவன் கேட்கக் கேட்கத்தான் ராஜா தன் பெருமையைச் சொல்ல முடியும். கட்டியங்காரனுக்குக் கிரீடம் கிடையாது, புஜக்கட்டை கிடையாது. ஆனால் ராஜாக்கள் வருவார்கள், போவார்கள். அவன் விடிய விடிய நிற்பான். சிரிக்க வைப்பான், தூங்குகிறவர்களை எழுப்புவான், கதை புரியாதவர்களுக்கு அவன்தான் சொல்வான்.

விடிந்ததும் ஊர் முழுக்கத் துரியோதனன் கட்டியவரைப் பற்றித்தான் பேச்சு. அவர் எந்த ஊர், யாரிடம் கற்றவர் என்று எல்லாருக்கும் தெரியும். கட்டியங்காரன் பெயர் என்ன என்று தாத்தாவிடம் கேட்டேன். "அவன் கட்டியங்காரன்டா" என்றார். தாத்தா கூத்தை உயிராக நேசித்தவர். அவருக்கே அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

மனோரமாவின் பெயர் தெரியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே கட்டியங்காரனோடு அவரை ஒப்பிடுவது அங்கேயே நின்றுவிடுகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆச்சி என்று ஊரே உறவு கொண்டாடியது. ஆயிரம் படங்கள் நடித்ததற்காக 1985-இல் கின்னஸ் புத்தகத்தில் இடம். 2002-இல் பத்மஸ்ரீ. அப்படியிருக்க அக்கா எதைச் சொல்கிறார்? பேர் தெரிவதும், எப்படிச் செய்தாய் என்று கேட்கப்படுவதும் வேறு வேறு என்பதையா?

அவரைப் புகழும்போது நாம் என்ன சொல்கிறோம் என்று பாருங்கள். அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., என்.டி.ஆர்., ஜெயலலிதா என்று ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்போம். பெண் சிவாஜி என்போம். நாகேஷுக்கு ஈடு கொடுத்தவர் என்போம். எல்லாம் அன்பில் சொல்வதுதான். ஆனாலும் ஒவ்வொன்றிலும் அளவுகோல் இன்னொருவர். ஆயிரம் படம் என்பதுகூட எண்ணிக்கைதான். அந்த ஆயிரத்தில் ஒன்றை எடுத்து, இந்த இடத்தில் இந்த அம்மாள் செய்தது என்ன என்று விரித்துச் சொன்னவர்கள் குறைவு.

நான் சொல்லிப் பார்க்கிறேன். 1937-இல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா. அப்பா கைவிட, அம்மாவோடு காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் வளர்ந்தவர். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டு வேலைக்குப் போன சிறுமி. பிறகு நாடக மேடை. மனோரமா என்பது அங்கே வைத்த பெயர். எஸ்.எஸ். ராஜேந்திரன் நாடகக் குழுவில் வசனத்தைக் கணீரென்று பேசிப் பெயரெடுத்தவர். 1958-இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' மூலம் சினிமா. ஜில் ஜில் வந்த அதே 1968-இல் 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழில் சொந்தக் குரலில் பாடுகிறார். 1992-இல் 'சின்ன கவுண்ட'ரில் பல்லைத் துருத்திக்கொண்டு கொங்கு நாட்டு ஆத்தாவாக வருகிறார். மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவருக்கு இத்தனை ஊர்ப் பேச்சும் எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடத்தில் இல்லை. காதில் விழுந்ததை விடாமல் வைத்துக்கொண்டதால் வந்தது என்றுதான் நினைக்கிறேன். அவர் முதலில் பெரிய கேட்பாளர். மற்றவர்கள் வசனம் பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள். ஒரு சொல்லைத் தவறவிடுவதில்லை. அதனால்தான் ஜில் ஜில்லின் அந்தக் கேள்வி அவர் வாயில் அவ்வளவு பொருந்தியது. ஓசையைப் பற்றி ஓயாமல் யோசித்த ஒருவர், ஓசையைப் பற்றிக் கேட்கிறார்.

1986-இல் வந்த விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்'. அதில் அவர் கண்ணம்மா, அந்த வீட்டு வேலைக்காரி. வீடு இரண்டாகப் போகும் நேரத்தில் நடுவே நின்று பேசுகிறவள். அந்த வேலை எப்படிப்பட்டது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. கண்ணம்மா குரலை உயர்த்தும்போது ஜனங்கள் கைதட்டினார்கள். பள்ளத்தூரின் அந்தச் சிறுமி அதற்குள் எங்காவது இருந்தாளா? சிரித்துக்கொண்டே இதை யோசிக்க முடியாது, அதனால்தான் யோசிக்காமல் சிரித்தோமோ என்னவோ.

நகைச்சுவை வேடத்துக்குத் தயங்கிய தன்னைக் கண்ணதாசன் தேற்றியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கதாநாயகியானால் சில ஆண்டுகள்தான், இந்த வழியில் போனால் நெடுங்காலம் நிற்கலாம் என்பது கவிஞரின் கணக்கு. கணக்கு பலித்தது. 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் வந்தார்; அந்த வழி நீளவில்லை. நெடுங்காலம் நின்றதற்கு என்ன விலை கொடுத்தார்? மணவாழ்க்கை சீக்கிரமே முறிந்து, மகனைத் தனியாக வளர்த்துக்கொண்டு, நாளுக்கு எத்தனையோ மேக்கப் போட்டுக் கலைத்தவர். அந்த விலையைக் கணக்குப் பார்க்க நான் யார் என்ற தயக்கமும் எனக்கு உண்டு. ஒருவரை நேசிக்கிறோம் என்ற பேரில் அவர் வாழ்க்கையைச் சோகமாக்கிப் பார்ப்பதும் ஒரு வகையில் அவரைக் கேட்காமல் இருப்பதுதான். அவர் நடிப்பில் நான் கண்டது துக்கம் இல்லை, பசி. இன்னும் கொடு, செய்து காட்டுகிறேன் என்கிற பசி.

இந்த இடத்தில் என் யோசனை முட்டி நின்றபோது, அக்காவிடமே கேட்டேன். "அக்கா, ஒரே மிஷின், ஒரே தோல், வரிசையா அத்தனை பேர் தைக்கிறீங்க. அந்தத் தையல் உங்க கைக்கு மட்டும் அப்படி வந்ததா, எல்லார் கைக்கும் வருமா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மிஷினு எல்லாம் ஒண்ணுதான் தம்பி. கை பழகிடுச்சி, இன்னா இப்போ" என்றார். பிறகு துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஆனா என் பீஸு ஒண்ணு ரிஜெக்ட் ஆயித் திரும்பி வந்ததில்ல."

அந்த இரண்டு பதில்களில் எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கை பழகிவிட்டது என்பது தன்னடக்கமா, யாரும் கேட்காததால் வந்த பழக்கமா? இத்தனை ஆண்டுகள் கழித்து நான் கேட்டது அவருக்கு மகிழ்ச்சியா, தொந்தரவா? மனோரமாவிடம் யாராவது உட்கார்ந்து, "இந்த ஓசை உங்களிடம் மட்டும் எப்படியம்மா வருகிறது?" என்று கேட்டிருந்தால் அவரும் தொண்டை பழகிவிட்டது என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். கேட்பதால் கலைஞருக்கு ஏதாவது கிடைக்கிறதா, கேட்டவருக்கு மட்டும்தான் கிடைக்கிறதா என்பதிலும் எனக்குத் தெளிவு இல்லை. தேசிய விருது அவருக்குக் கிடைத்தது 'புதிய பாதை'க்காக. 1989-இல் வந்த படம் அது. அப்போது அவர் சினிமாவுக்கு வந்து முப்பத்தோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. விருதின் பெயர், சிறந்த துணை நடிகை.

அவர் 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார். இனி அவரைக் கேட்க முடியாது. ஆனால் அவரோடு மேடையேறியவர்கள், பக்கவாட்டில் ஆர்மோனியம் வைத்திருந்தவர்கள், மேக்கப் போட்டுவிட்டவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள். உங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து போய் உட்கார்ந்து கேளுங்கள், எழுதி வையுங்கள். 1955-இல் இருபது வயதிலிருந்த நாடகக்காரருக்கு இப்போது தொண்ணூறு வயதாவது இருக்கும்.