போர்வை உடம்பா, அலங்காரமா?

பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். விளையாட்டாகத் தொடங்கிய ஒரு கேள்வி சில வாரங்களாக எம்மை விடாமல் துரத்துகிறது.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை முடிந்ததும் எமது மகனை ஒரு கழகத்துக்குக் கூட்டிச் செல்வது வழக்கம். அங்கே பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. நீண்ட மேசைகளில் சிறு சுவர்களையும் மரங்களையும் வைத்து, ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய உயரமுள்ள போர்வீரப் பொம்மைகளை அளவுநாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை பிடிக்கிறார்கள். வார்ஹாமர் 40,000 என்று பெயர். கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் 1987இல் முதன்முதலாக வெளியிட்டது. பொம்மைகளின் விலையை இங்கே எழுதப் போவதில்லை. எம்மவர் பலருக்கு மயக்கம் வரும்.

இந்த விளையாட்டில் ஒரு வீரன் எதிரியைச் சுடவேண்டுமானால் முதலில் அவனைக் காணவேண்டும். ஆடுபவர் குனிந்து, மேசை மட்டத்தில் கண்ணை வைத்து, பொம்மையின் கண்ணால் பார்ப்பதுபோலப் பார்ப்பார். கழகத்தில் சிலர் இன்னும் விரும்பி ஆடுவது 2008இல் வந்த ஐந்தாம் பதிப்பு. எதிரியின் தலை, உடல், கை, கால் இவற்றில் ஏதாவது கண்ணில் படவேண்டும் என்கிறது அதன் விதி. துவக்கோ, கொடியோ, அணிந்திருக்கும் அலங்காரமோ மட்டும் தெரிந்தால் சுடமுடியாது.

அன்று எமது மகனின் தளபதி சுவருக்குப் பின்னால் நின்றான். தோளிலிருந்து தொங்கிய போர்வையின் ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது. போர்வை உடம்பா, அலங்காரமா? மகன் அலங்காரம் என்று வாதாடினான். எதிரே நின்ற வெள்ளைக்காரப் பொடியன், காற்சட்டைக்குள் இருக்கும் காலைக் கால் என்று ஒப்புக்கொண்டால் போர்வைக்குள் இருக்கும் முதுகையும் முதுகு என்றுதானே சொல்லவேண்டும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். பிறகு விட்டுக்கொடுத்தான். ஆட்டமும் மகனின் பக்கம் போனது.

வீடு திரும்பும் வழியில் மகன் கேட்டான்: "அப்பா, நான் சொன்னது பிழையோ?"

"அது அவன்ர ஆளின்ர போர்வை எண்டால் என்ன சொல்லியிருப்பாய்?"

கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "உடம்பு எண்டுதான் சொல்லியிருப்பன்."

ஊரில் கிளித்தட்டு மறிக்கும்போது வந்த சண்டைகள் வேறு வகை. கை பட்டது, படவில்லை என்பதுதான் அங்கே வழக்கு. ஒருவர் பொய் சொல்கிறார், அல்லது சரியாகக் காணவில்லை. இங்கே ஒருவரும் பொய் சொல்லவில்லை. போர்வை இருவர் கண்ணுக்கும் தெரிகிறது; விதிப்புத்தகமும் மேசையில் கிடக்கிறது. மகன் சொன்ன பொருளை அந்தச் சொற்கள் தாங்கக்கூடியவையே. அப்படியிருந்தும் ஏதோ கோணலாகிவிட்டது. எம்மைக் கேட்டால், அந்தப் பொருள் யாருக்கு உதவும் என்று தெரிந்த பிறகு அவன் அதைத் தெரிந்தெடுத்ததே கோணல்.

கணக்காளர் தொழிலில் இதை நாம் வாராவாரம் காண்கிறோம். கடைக்காரர் ஒருவர் கூரையில் பணம் செலவழித்திருப்பார். பழுது பார்த்ததென்றால் அந்த ஆண்டின் இலாபத்தில் கழிக்கலாம். கட்டடத்தை மேம்படுத்தியதென்றால் கழிக்க முடியாது. என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டால், "எங்களுக்கு எது நல்லதோ அப்படிப் போடுங்கோ" என்பார். அவர் கள்ளர் அல்லர். இரண்டுக்கும் இடையில் உண்மையிலேயே ஓர் இருட்டு இருக்கிறது. அந்த இருட்டுக்குள் தன் கையை முதலில் நீட்டுகிறார்.

அப்படியானால் எழுத்தை விட்டு, விதி எழுதியவரின் நோக்கத்தைப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வர். கழகத்திலும் இந்த இரண்டு கட்சிகளும் உண்டு. நாம் நோக்கக் கட்சியில் முழு மனதோடு சேரத் தயங்குகிறோம். நோக்கம் இன்னதென்று சொல்லும் உரிமை எப்போதும் பலம் உள்ளவர் கைக்கே போகிறது. பலம் இல்லாதவருக்கு எழுத்து ஒன்றுதான் பிடிமானம். நாம் இந்த நாட்டுக்கு வந்தபோது ஒரு படிவத்தில் கடைசியாக வசித்த முகவரியைக் கேட்டிருந்தார்கள். வசித்தது என்றால் வீடு என்று எண்ணி எமது கிராமத்தை எழுதினோம். அதிகாரி கேட்டதோ கடைசியாகத் தங்கிய இடத்தை. நேர்முகத்தில் முகாமைப் பற்றிச் சொன்னதும் அது முரண்பாடு ஆகிவிட்டது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தது. எமக்குப் பாதகமானதே எடுக்கப்பட்டது.

எமக்கு முன் வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய சோதனை. 1951 அகதிகள் உடன்படிக்கை "நன்கு ஆதாரமுள்ள அச்சம்" என்கிறது. அஞ்சுபவரின் இடத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை, வெளியிலிருந்து பார்த்தாலும் ஆபத்து உண்டென்று தெரியவேண்டும் என்று தீர்த்தது. வழக்காடியவர்கள் இலங்கைத் தமிழர். 1988 பெப்ரவரியில் அவர்களில் சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். யாருடைய கண்ணால் பார்ப்பது என்பதுதான் அங்கேயும் கேள்வி.

இந்த மேசைப் போரின் மூதாதை பிரஷ்ய இராணுவத்தில் இருந்தது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி அட்டவணைகளும் பகடையும் கொண்ட விதிகளை அச்சிட்டார். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அட்டவணைகளை ஒதுக்கி நடுவரின் அனுபவத்துக்கு விடுங்கள் என்றார். இரண்டிலும் நடுவர் ஒருவர் இருந்தார். மகனின் மேசையில் நடுவர் இல்லை. வழக்காளியே நீதவானும்.

இதற்கு வார்ஹாமரின் பல பதிப்புகள் ஒரு வழி வைத்திருக்கின்றன: இணங்க முடியாவிட்டால் பகடையை உருட்டுங்கள், 1 முதல் 3 வரை விழுந்தால் ஒருவர் சொன்னது, 4 முதல் 6 வரை விழுந்தால் மற்றவர் சொன்னது. ஒரு சொல்லின் பொருளைப் பகடை எப்படிச் சொல்லும் என்று மகன் சிரித்தான். சொல்லாதுதான். ஆனால் பகடைக்குத் தன் பக்கம் என்று ஒன்று இல்லை. கெட்டிக்காரத்தனமாகப் பேசத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு முறையும் வெல்வதைவிட இது எமக்கு நேர்மையாகவே படுகிறது.

2017இல் வந்த எட்டாம் பதிப்பு, எந்தப் பகுதி தெரிந்தாலும் சுடலாம் என்று எழுதிப் போர்வை வழக்கை முடித்தது. உடனே இன்னொரு கோணல்: கொடி நுனி தெரிந்தாலும் சாவு என்பதால், பொம்மையை ஒட்டும்போதே முழங்காலில் இருத்திக் குள்ளமாக்கப் பார்த்தவர்களும் உண்டு.

அடுத்த சனிக்கிழமை மகன் அதே பொடியனிடம் போய், ஆட்டம் தொடங்குமுன் போர்வையைப் பற்றிப் பேசினான். யாருடைய தளபதி எங்கே நிற்பான் என்று அப்போது இருவருக்கும் தெரியாது. போர்வை உடம்புதான் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசை ஓரத்தில் வைத்தார்கள். இரண்டாவது சுற்றிலேயே மகனின் தளபதி போர்வை தெரிந்து அடிபட்டுப் போனான். வீடு வந்து சேரும்வரை மகன் எம்மோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.